பிடி சினையா? வயிற்றைப் பார்த்துச் சொல்லாதீர்கள்

யானை முகாமுக்குப் போகிறவர்களில் பாதிப் பேர், வயிறு உருண்ட ஒரு பிடியை, அதாவது பெண் யானையைக் காட்டி “சினையா இருக்கா?” என்று பாகனிடம் கேட்டுவிடுவார்கள். யானைக்கு வயிறு எப்போதுமே அப்படித்தான். நாள் முழுக்கத் தழை தின்கிற உடம்பு. பிறக்கும்போது நூறு கிலோ இருக்கிற கன்றுகூட உள்ளே இருப்பது தெரியாது. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் வெள்ளியாற்றில் நின்றபடியே இறந்த பிடி கருவுற்றிருந்தது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. மாட்டைப் போலப் பின்னங்கால் பக்கம் மடியைத் தேடுவதும் வீண். யானைக்கு மடி முன்னங்கால்களுக்கு நடுவில்.

சரி, ரத்தம் எடுத்துப் பார்த்துவிடலாமே? இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். காதுக்குப் பின்னால் ஓடும் நரம்பில் ஒரே ஒருமுறை ரத்தம் எடுத்து, கருவைத் தாங்க உதவும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன்கள் கூடியிருக்கின்றன, ஆகவே சினை என்று எழுதிவிடுவது தப்பு. பிடியின் சினைச் சுழற்சி ஒன்று, அதாவது ஒரு கருமுட்டை வந்து அடுத்தது வரும்வரை, முடியவே 13 முதல் 18 வாரம் ஆகும். அதில் 6 முதல் 12 வாரம் வரை, கரு இல்லாவிட்டாலும் இந்த அளவு உயர்ந்துதான் இருக்கும். வாரம் ஒருமுறை எடுத்து வரிசையாகக் குறித்துக்கொண்டே வந்து, இறங்க வேண்டிய காலம் தாண்டியும் இறங்கவில்லை என்றால்தான் சந்தேகப்படலாம். அப்புறம், கருவுற்று நாலைந்து மாதம் ஆனபின் பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோன் ஏறினால் அந்தச் சந்தேகம் உறுதிப்படும்.

இன்னொரு கண்ணி பரிசோதனைக் கருவியில் இருக்கிறது. யானையின் சினைப்பை புரோஜெஸ்டிரோனை அப்படியே அதிகம் சுரப்பதில்லை. அதன் சற்று மாறிய வடிவங்களைத்தான் சுரக்கிறது. புரோஜெஸ்டிரோனை மட்டும் கண்டுபிடிக்கிற, மனிதருக்கான கருவியில் போட்டால் சினை யானைக்கும் அளவு குறைவாகக் காட்டும்.

இணை சேர்க்கும் நாள் குறிப்பதில் வரும் தவறு இன்னும் சுவாரசியமானது. பசுவுக்கு, கருமுட்டையை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் ஒருமுறை பொங்கினால் கருமுட்டை வெளிவந்துவிடும். யானைக்கு இரண்டு முறை பொங்கும், சுமார் மூன்று வார இடைவெளியில். முதல்முறை பொங்கும்போது முட்டை வராது. அதை நம்பிக் களிற்றை அழைத்து வந்தால் பயணச் செலவுதான் மிச்சம். விஷயம் தெரிந்தவர்கள் முதல்முறை பொங்கிய நாளைக் காலண்டரில் குறித்துவிட்டு மூன்று வாரம் காத்திருப்பார்கள். 1999-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள டிக்கர்சன் பார்க் விலங்குக் காட்சிசாலையில் செயற்கைக் கருவூட்டலில் முதல் யானைக்கன்று பிறந்தது. அந்த முறைக்கு இந்த நாள்கணக்குதான் ஆதாரம்.

களிற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பிடியின் மூத்திரத்தைத் துதிக்கை நுனியால் தொட்டு, வாயின் மேலண்ணத்தில் வைத்து ருசி பார்க்கும். அதில் அது தேடும் பொருள் இன்னதென்று 1996-ல் கண்டுபிடித்தார்கள். பல அந்துப்பூச்சிகள் இணையை அழைக்கப் பயன்படுத்துவதும் அதே பொருள்தான்! மதம் பிடித்தால்தான் களிறு சேரும் என்பதும் சரியல்ல. மதமில்லாத களிறும் சேரும், கன்றும் பிறக்கும்.

கடைசியாக, யானையின் சினைக்காலம் 22 மாதம் என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணாதீர்கள். 20 மாதத்திலும் ஈனலாம். ஈனுவதற்கு இரண்டு முதல் ஐந்து நாள் முன்பு, இத்தனை மாதமும் உயர்ந்தே இருந்த புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் சடாரென்று அடிமட்டத்துக்கு விழும். அதனால் 20-வது மாதம் நெருங்கும்போதே தினமும் ரத்தம் எடுக்கத் தொடங்கிவிட வேண்டும். விழுந்தது தெரிந்த ராத்திரியிலிருந்து பாகனுக்குத் தூக்கம் கிடையாது.