தேய வேண்டிய பூச்சு: புராஜெக்ட்டிலும் பட்டறையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தக்கலையிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான், எஞ்சினியரிங் கடைசி வருஷம். "மாமா, என் பூச்சு தேயவே இல்லை, ரிசல்ட் சூப்பர்" என்று கிராஃபைக் காட்டினான். கேஸ் டர்பைன் எஞ்சினில் (விமான ஜெட் எஞ்சின் மாதிரி) சுழலும் பிளேடு நுனிக்கு எதிரே, கேசிங்கின், அதாவது வெளிக்கூட்டின், உட்புறம் இடைவெளியை அடைக்கப் பூசுகிற சீல் பூச்சு அது. அது தேயாமல் இருந்தால் தோல்வி என்று புரியவைக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

பிளேடு நுனிக்கும் கேசிங்குக்கும் இடைவெளி கூடினால் காற்று அந்த வழியாக நழுவிவிடும், எரிபொருள் அதிகம் செலவாகும். சரி, இடைவெளியைக் குறைத்தால்? சூட்டிலும் சுழற்சியிலும் பிளேடு நீண்டு உரசும். அப்போது பூச்சுதான் விட்டுக்கொடுக்க வேண்டும், சாக்பீஸ் மாதிரி பொடியாக உதிர வேண்டும். கெட்டியாகப் பூசினால் ரொம்ப நாள் உழைக்கும் என்று நினைப்பதுதான் முதல் தவறு, ஏனென்றால் அப்புறம் தேய்வது பிளேடு. அதற்காக ஒரேயடியாக மிருதுவாக்கினால், காற்றோடு உள்ளே போகிற மணலே அதை அரித்துவிடும்.

இரண்டாவது தவறு, பின்-ஆன்-டிஸ்க் மெஷினில் (சுழலும் தட்டின் மேல் ஒரு சின்னக் கம்பியை, அதாவது பின்னை, அழுத்தித் தேய்க்கிற மெஷின்) மெதுவாகத் தேய்த்துப் பார்த்துவிட்டு எஞ்சினுக்குத் தீர்ப்பு எழுதுவது. எஞ்சினில் பிளேடு நுனி விநாடிக்கு 300 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் மைக்ரான் கணக்கில் வெட்டிக்கொண்டே உள்ளே போகிறது. அப்படி உள்ளே போவது வேகமாக இருந்தால் பூச்சு பெரும்பாலும் சுத்தமாக வெட்டுப்படும். மிக மெதுவாக இருந்தால்தான் வம்பு: அலுமினியம்-சிலிக்கான் பூச்சு சூடாகி இழுபட்டு, டைட்டானியம் பிளேடின் நுனியிலேயே ஒட்டிக்கொள்ளும். சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டும்போது கத்தியில் பால் பிடிக்குமே, அப்படி. எண்ணெய் தடவாத கத்தி என்ன பாடு படுத்தும் என்று நம்மூரில் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒட்டியது பிளேடின் நீளத்தைக் கூட்டுகிறது, அடுத்த சுற்றில் அதே இடத்தில் இன்னும் ஆழமாகக் கீறுகிறது. அதனால் பூச்சை மட்டும் அளந்துவிட்டு நுனியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

எஞ்சினைப் பிரித்ததும் பூச்சில் விழுந்த பள்ளத்தின் ஆழத்தை மட்டும் குறித்துக்கொண்டு உடனே புதிதாகப் பூச அனுப்புகிறவர்களும் உண்டு, எனக்கு மனசு கேட்காது. உரசல் இருக்கும் இடம் ஒரு கதை சொல்கிறது. கேசிங்கில் ஒரு பக்கம் மட்டும் உரசி, எல்லா பிளேடுகளிலும் தடம் இருந்தால் கேசிங் வளைந்திருக்கலாம் அல்லது மையம் விலகியிருக்கலாம். கேசிங்கில் சுற்றிலும் உரசி, சில பிளேடுகளில் மட்டும் தடம் இருந்தால் அந்த பிளேடுகளின் நீளத்தையும், பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் ரோட்டரையும் பாருங்கள். காரணத்தை விட்டுவிட்டுப் பூசினால் அதே இடம் மறுபடி போகும்.

வெப்பத்தைப் பார்க்காமல் பொருளைத் தேர்வதும் கூடாது. பாலியெஸ்டர் கலந்த அலுமினியம்-சிலிக்கான் பூச்சு சுமார் 325 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், சூடான வாயு பாயும் டர்பைன் பக்கம் வந்தால் சிர்கோனியா மாதிரி சூடு தாங்கும் பீங்கான் பொருள் வேண்டும். சிர்கோனியாவுக்கு மூலமான சிர்கான் என்ற கனிமம் நம் மணவாளக்குறிச்சி கடல் மணலிலேயே கிடைக்கிறது, அதைக் கேட்டதும் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கிளம்பும்போது அவனுடைய நோட்டைப் புரட்டினேன். சோதனைக்குப் பிறகு டைட்டானியம் பின்னின் எடை சில மில்லிகிராம் கூடியிருந்தது, தராசுக் கோளாறு என்று அந்த வரியை அடித்திருந்தான். அந்தப் பின் இன்னும் லேபில் இருக்கிறதாம், திங்கட்கிழமை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கப் போகிறான்.