துணி சுருளுக்குள் போக மாட்டேன் என்கிறதா? ரோல்டு ஹெம் ஃபுட் பழகும் முறை

ஆடித் தள்ளுபடியில், தையல் மெஷினில் ஊசியடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட் 32 அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கினேன். திறந்து பார்த்தால் பல் டாக்டர் தட்டில் சாமான்களை அடுக்கி வைத்த மாதிரி இருந்தது. எதற்கு எது என்று ஒன்றும் புரியவில்லை. வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இப்போது கணக்குப் பார்த்தால் நான் கையில் எடுப்பது நாலே நாலுதான். மீதி 28-ம் பீரோவில் தூங்குகின்றன. ஆகவே முதல் ஆலோசனை: பெட்டியாக வாங்காதீர்கள். தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வாங்குங்கள்.

அந்த நாலில் மூன்று முதல் நாளே வழிக்கு வந்துவிட்டன. நாலாவது ரோல்டு ஹெம் ஃபுட். துணி ஓரத்தைத் தானே சுருட்டி, தானே மடித்து, தைத்தும் கொடுக்கும் என்று பெயர். எனக்கு மூன்று மாதம் எதுவும் கொடுக்கவில்லை. இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். நூல் கோப்பது, பாபின் சுற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வாங்கும் முன் ஸ்கேலை எடுங்கள்

ஃபுட் மாட்டும் பகுதிக்கு ஷேங்க் என்று பெயர். மெஷினில் இருக்கும் ஃபுட்டைக் கீழே இறக்கிவிட்டு, ஊசி இறங்கும் துளை உள்ள பிளேட்டிலிருந்து ஃபுட்டை இறுக்கும் திருகின் நடு வரைக்கும் அளந்து பாருங்கள். முக்கால் அங்குலத்துக்குள் இருந்தால் லோ ஷேங்க். ஒரு அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் ஹை ஷேங்க். உஷா ஜனோம், சிங்கர், பிரதர் என்று வீட்டுக்கு வாங்கும் ஜிக்ஜாக் மெஷின்களில் பெரும்பாலானவை லோ ஷேங்க்தான். பழைய சிங்கர் சிலவற்றில் ஊசியே சாய்வாக இறங்கும். அவற்றுக்கு ஸ்லான்ட் ஷேங்க் என்று தனி வகை. டெய்லர் கடை பவர் மெஷினுக்கு விற்கும் ஃபுட் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். அது நம் மெஷினில் உட்காராது.

மாட்டுவதில் இரண்டு விதம். ஒன்று, பின்னால் இருக்கும் சின்னப் பொத்தானை அழுத்தினால் கழன்று விழுந்து, புதியதன் குறுக்குக் கம்பி மேல் இறக்கினால் டக்கென்று மாட்டிக்கொள்ளும் கிளிப் வகை. இன்னொன்று, திருகைக் கழற்றி மொத்தமாக மாற்றும் வகை. கிளிப் வகை சௌகரியம். ஆனால் ரோல்டு ஹெம்முக்கு எனக்குத் திருகு வகைதான் பிடிக்கும். கிளிப்பில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். 3 மில்லிமீட்டர் மடிப்பில் அந்த ஆட்டம் தெரியும்.

எந்த ஃபுட் மாட்டினாலும் மிதிக்கும் முன் கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். ஊசி எங்கேயும் இடிக்காமல் இறங்கி ஏற வேண்டும். எனக்கு இந்தப் புத்தி வந்தது ஒரு ஊசி உடைந்த பிறகு. முந்தின நாள் பிசிறு அடிக்க ஜிக்ஜாகில் வைத்திருந்ததை மாற்றாமல், நேர்த்தையலுக்கு மட்டும் சின்னத் துளை உள்ள ஃபுட்டை மாட்டி மிதித்துவிட்டேன். ஊசி இரும்பில் இடித்து முனை தெறித்து, என் கண்ணாடியில் பட்டு விழுந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் தப்பித்தேன்.

ரோல்டு ஹெம் ஃபுட்: அந்தச் சுருள்

ஃபுட்டைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் சங்கின் வாய் மாதிரி ஒரு சுருள் இருக்கும். அடிப்பக்கம் மடிப்பு வழுக்கிக்கொண்டு போக ஒரு பள்ளம். துணியின் வெட்டு ஓரம் சுருளுக்குள் நுழைந்து, இரண்டு முறை மடிந்து, பள்ளத்தின் மேலே ஊசியடியில் போக வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1889-இல் காப்புரிமை பெற்ற, சிங்கர் மெஷினோடு வந்த மடக்கு மரப்பெட்டியிலேயே ஓரம் மடிக்கும் ஃபுட்கள் உண்டு. நம் கொள்ளுப்பாட்டி காலத்துச் சாமான்தான், நமக்குத்தான் பழக்கம் விட்டுப்போனது.

3 மில்லிமீட்டர் அளவில் தொடங்குங்கள். 2 மில்லிமீட்டர் அழகாக இருக்கும், ஆனால் பழகும்போது வெறுப்பேற்றும். 6 மில்லிமீட்டர் பருத்தித் துணிக்கு நல்லது. மெல்லிய துப்பட்டாவில் கனமாகத் தெரியும்.

பழக எடுக்கும் துணிதான் பாதி வெற்றி. நான் புத்திசாலித்தனமாக ஷிஃபானில் ஆரம்பித்தேன். ஷிஃபான் பாம்பு மாதிரி நெளியும். நீங்கள் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கிழித்துக்கொள்ளுங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி, இஸ்திரி போட்டால் சொன்ன பேச்சைக் கேட்கும். கத்தரியால் வெட்டினால் ஓரம் வளைந்துவிடுகிறது என்பவர்கள் நுனியில் ஒரு வெட்டு கொடுத்துக் கையால் கிழியுங்கள். நூல் வாக்கில் நேராகக் கிழியும். தொங்கும் பிசிறு நூல்களை மட்டும் நறுக்கிவிடுங்கள். ஒரு நூல் சுருளுக்குள் மாட்டினாலும் அதற்கப்புறம் எல்லாம் கோணல்தான்.

11-ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 2 முதல் 2.5 வரை, ஊசி நடுவில். துணியின் உள்பக்கம் மேலே. துணி முழுக்க உங்கள் இடது பக்கம் கிடக்க வேண்டும்; வெட்டு ஓரம் மட்டும் வலது பக்கம்.

இனி என்னை மூன்று மாதம் அழவைத்த இடம். தொடக்கம்.

வீடியோக்களில் முனையை லேசாகச் சுருளுக்குள் விட்டு மிதித்துவிடுகிறார்கள். நான் செய்தால் முதல் ஒரு அங்குலம் பிளேட்டுத் துளைக்குள் போய்க் கசங்கிப் பந்தாகிவிடும், அல்லது மடியாமல் பிசிறோடு நிற்கும். காரணம், துணி முனையைப் பின்னால் பிடித்து நகர்த்த அடியில் இருக்கும் பல்லுக்கு அப்போது ஒன்றும் கிடைப்பதில்லை. நான் இப்போது செய்வது இது:

கை ஊசியில் இரட்டை நூல் கோத்து, துணியின் வலது மூலையில், ஓரத்திலிருந்து ஒரு நெல் அளவு உள்ளே தள்ளி ஒரு தையல் போட்டு முடிச்சிடுங்கள். நூலை ஒரு சாண் நீளம் விட்டு வெட்டுங்கள். ஃபுட்டைத் தூக்கி, இந்த நூலை முன்னாலிருந்து சுருள் வழியாக விட்டுப் பின்னால் எடுங்கள். நூலை மெல்ல இழுத்தால் துணி முனை சுருண்டுகொண்டே உள்ளே வரும். முனை ஊசித் துளைக்கு நேராக வந்ததும் நிறுத்தி, கைச்சக்கரத்தால் ஊசியை இறக்குங்கள். அப்புறம் ஃபுட்டை இறக்குங்கள். மெஷின் நூல் இரண்டையும் இந்தக் கை நூலையும் சேர்த்து இடது கையால் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, முதல் நாலைந்து தையலைக் கைச்சக்கரத்தாலேயே போடுங்கள். இழுக்கக் கூடாது, விறைப்பாகப் பிடித்தால் போதும். பல் துணியைப் பிடித்த பிறகு விட்டுவிடலாம்.

தொடக்கம் கைவந்தும் எனக்கு ஒரு முழம் தாண்டியதும் மடிப்பு அவிழ்ந்துகொண்டே இருந்தது. மதுரை புது மண்டபத்தில் கல் தூண்களுக்கு நடுவே பல வருடம் தைத்து, கடைகள் எல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியபோது தானும் மாறிய தையல்காரர் ஒருவரிடம் ஜாக்கெட் லைனிங் வாங்கப் போனபோது புலம்பினேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவே இல்லை. "ஊசியைப் பாக்காத தாயி, துணி நுழையிற வாயைப் பாரு" என்றார். "ஊசி அது பாட்டுக்குத் தைக்கும்."

வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் அத்தனை நாளும் ஊசியையேதான் முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஊசியடியில் தப்பு தெரியும்போது துணி ஏற்கெனவே அரை அங்குலம் தப்பாக உள்ளே போயிருக்கும். சுருளின் வாயைப் பார்த்தால் முன்கூட்டியே தெரியும். வாய் நிறைய, ஆனால் பிதுங்காமல் துணி போக வேண்டும். பிதுங்கினால் துணி அதிகமாகப் போகிறது. ஓரத்தைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்துங்கள். வாய் காலியாகத் தெரிந்தால் துணி போதவில்லை. வலது பக்கம் தள்ளுங்கள். நகர்த்துவது என்றால் நூலளவு. ஃபுட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைப் பிடித்து, லேசாக மேலே தூக்கி, இடது பக்கமாகக் கவிழ்ந்த மாதிரி வைத்திருக்க வேண்டும். கட்டில் விளிம்பில் போர்வையைச் செருகும்போது கை இருக்குமே, கிட்டத்தட்ட அப்படி.

வேகமும் முக்கியம். பெடலை விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் துணி நழுவும். மெதுவாக, ஒரே சீராக. நிறுத்த வேண்டி வந்தால் ஊசி துணிக்குள் இருக்கும்போது நிறுத்துங்கள்.

நடுவில் மூட்டுத் தையல் குறுக்கிட்டால் அந்தக் கனம் சுருளுக்குள் நுழையாது. அந்த இடத்தில் உள்ளிருக்கும் கூடுதல் துணியை முக்கோணமாக நறுக்கிக் கனத்தைக் குறைக்கச் சொல்வார்கள். நான் அந்தத் தைரியத்துக்குப் போவதில்லை. ஊசியை இறக்கி, ஃபுட்டைத் தூக்கி, துணியைச் சுருளிலிருந்து வெளியே எடுத்து, கையாலேயே இரண்டு மடிப்பு மடித்து அந்த ஒரு அங்குலத்தைத் தாண்டுவேன். பிறகு மறுபடி சுருளுக்குள்.

சுங்குடித் துணியில் இரண்டு மீட்டர் தொடர்ச்சியாக வந்துவிட்டதா? இனி ஷிஃபானோ ஜார்ஜெட்டோ எடுக்கலாம். ஆனால் கஞ்சி போடாமல் தொடாதீர்கள். வடித்த கஞ்சியில் நிறையத் தண்ணீர் கலந்து வடிகட்டி, ஓரத்தில் மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு நனைத்து நிழலில் காயப்போட்டு, குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். துணி காகிதம் மாதிரி நிற்கும். தைத்து முடித்து அலசினால் போய்விடும். கடையில் விற்கும் ஸ்பிரே கஞ்சியும் முயன்றேன். சுருளுக்குள் பிசுபிசுப்பு ஒட்டி, தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. வீட்டுக் கஞ்சியே மேல்.

அம்பர்லா பாவாடை மாதிரி வட்டமாக வெட்டியதற்கு இந்த ஃபுட்டை நான் சொல்ல மாட்டேன். கிராஸ் வாக்கில், அதாவது நூலுக்குச் சாய்வாக வரும் இடங்கள் இழுபட்டு அலை அலையாக நிற்கும். அதை ஓரம் அடிக்கும் கடைக்கே கொடுத்துவிடுகிறேன்.

மற்ற மூன்றும்

கன்சீல் ஜிப் (வெளியே தெரியாமல் மறையும் ஜிப்) ஃபுட்: அடியில் இரண்டு பள்ளம் இருக்கும். ஜிப்பைத் திறந்து, சுருண்டு நிற்கும் பற்களை உள்பக்கமாக லேசான சூட்டில் இஸ்திரி போட்டு நிமிர்த்திவிட்டால் பாதி வேலை முடிந்தது. பற்கள் பள்ளத்துக்குள் ஓடும், ஊசி ஒட்டியே தைக்கும். முதலில் ஜிப், அதற்கப்புறம்தான் கீழே உள்ள மூட்டு. நான் தலைகீழாகச் செய்து ஒரு சுடிதாரைப் பிரித்தேன்.

ஓரப் பிசிறு அடிக்கும் ஓவர்காஸ்ட் ஃபுட்டில் நடுவே ஒரு கம்பி இருக்கும். ஜிக்ஜாக் அகலம் 5-க்குக் குறைந்தால் ஊசி அந்தக் கம்பியில் இடிக்கும். மறுபடியும் கைச்சக்கரம்.

மேல் துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் பெரியது, பார்க்கப் பயமாக இருக்கும். அதன் பக்கவாட்டில் ஒரு கவட்டை உண்டு. அது ஊசியை இறுக்கும் திருகின் மேல் உட்கார வேண்டும். அதை மாட்ட மறந்தால் ஃபுட் சும்மா கிடக்கும், நீங்கள் "இதுக்கா இவ்வளவு காசு" என்று திட்டுவீர்கள். நான் திட்டினேன். ரெக்ஸின் பை, மூன்று அடுக்குக் குழந்தைப் போர்வைக்கெல்லாம் இது இல்லாமல் இனி உட்கார மாட்டேன்.

பைப்பிங்குக்குத் தனி ஃபுட் தேவையே இல்லை என்பது என் கட்சி. ஜாக்கெட் கழுத்துக்கு, ஒரு பக்கம் மட்டும் விரல் உள்ள சாதா ஜிப் ஃபுட் போதும்.

பிற்சேர்க்கை: காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மெஷினில் இதெல்லாம் நடக்குமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் பலவும் லோ ஷேங்க்தான். திருகு வகை ரோல்டு ஹெம் ஃபுட் மாட்டலாம். ஆனால் அந்த மெஷினில் பல் குறுகலாக இருக்கும். ஜிக்ஜாக் மெஷினுக்கான அகலமான ஃபுட் மாட்டினால் துணி சரியாக நகராமல் ஒரு பக்கம் இழுக்கும். நேர்த்தையல் மெஷினுக்கானது என்று கேட்டு, குறுகலானதாக வாங்குங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: துப்பட்டாவின் நாலு மூலையும் மொத்தையாக வருகிறது என்றார் ஒரு வாசகி. முதலில் நீளவாக்கு ஓரங்கள் இரண்டையும் முழுசாகத் தைத்து முடித்து இஸ்திரி போடுங்கள். பிறகு அகலவாக்கில் தொடங்கும் முன், ஏற்கெனவே மடிந்திருக்கும் மூலையின் நுனியை அரிசி அளவு சாய்வாக நறுக்குங்கள். கை நூலை அந்தச் சாய்வுக்குச் சற்று உள்ளே கட்டி இழுங்கள். கடைசி மூலையில் அரை அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, மிச்சத்தைக் கையால் மடித்துத் தைத்துவிடுங்கள்.