கைது செய்ய வந்தால் எதைப் பார்ப்பது?

2024 ஜூலை 1 முதல் கைதுக்கான விதிகள் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளன. ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய வழக்கென்றால், கைது அவசியமில்லாதபோது பிரிவு 35-ன் கீழ் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும். நோட்டீஸை வாங்கிவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள். அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

கைது என்றால் மெமோவை (கைது விவரமும் நேரமும் எழுதிய குறிப்பு) கேளுங்கள். குடும்பத்தினர் அல்லது ஊரில் மதிப்புள்ள ஒருவர் சாட்சிக் கையெழுத்திட வேண்டும், கைதானவரும் கையெழுத்திட வேண்டும். நேரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் (பயண நேரம் சேராது). காலையில் பிடித்துவிட்டு மாலையில் கைது என எழுதினால் அந்தக் கணக்கே மாறிவிடும். அழைத்துப் போன நேரத்தைக் குறித்து, உடனே எஸ்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பின்னர் அதுதான் ஆதாரம்.

கைதுக்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், முழு நேரமும் உடன் வைத்துக்கொள்ள முடியாது. பெண்களைச் சூரியன் மறைந்த பின் கைது செய்ய, விதிவிலக்கான சூழலும் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் தேவை. மருத்துவப் பரிசோதனையில் காயம் இருந்தால் மறைக்காமல் சொல்லிப் பதியச் செய்யுங்கள்.