மொட்டை மாடி டிரம்ல தண்ணி நிக்காம இருக்க என்ன பண்ணணும்

200 லிட்டர் நீல டிரம்மை ரெண்டா அறுத்து எலுமிச்சை, கொய்யா, முருங்கைன்னு வைக்கிறவங்க இப்ப நிறைய பேர். வெயில் காலத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும், ஐப்பசி மழை விடாம நாலு நாள் பிடிச்சா போதும், இலை மஞ்சளாகி கொட்டும், மண்ணு ஈரமா இருந்தும் செடி தொங்கிப்போய் நிக்கும், சத்து பத்தலன்னு நினைச்சு உரத்தை வேற போடுவாங்க. தயவுசெஞ்சு போடாதீங்க. அடியில தண்ணி நிக்குது, வேருக்கு காத்து கிடைக்காம அழுகுது. பப்பாளியெல்லாம் ரெண்டு நாள் தண்ணி நின்னாலே போயிடும்.

முதல்ல ஓட்டை. டிரம் அடி தட்டையா தெரிஞ்சாலும் நிறைய டிரம்ல நடுவுல லேசா மேடா இருக்கும், ஓரம்தான் பள்ளம், நடுவுல நாலு ஓட்டை போட்டா ஓரத்துல தண்ணி அப்படியே தங்கிடும். அதனால காலி டிரம்முல ஒரு சொம்பு தண்ணி ஊத்தி எங்க தேங்குதுன்னு பாத்து அந்த இடத்தை மார்க் பண்ணுங்க. அங்க 12 எம்எம் பிட் போட்டு எட்டு பத்து ஓட்டை, பக்கவாட்டுல அடியில இருந்து ஒரு இஞ்ச் மேல இன்னும் மூணு நாலு. டிரில் பண்ணதும் உள்பக்கம் விரலால தடவிப் பாருங்க, பிளாஸ்டிக் பிசிறு ஓட்டையைச் சுத்தி வரப்பு மாதிரி நிக்கும், அதை கத்தியால சீவி எடுத்துடணும். கம்பியை காய்ச்சி குத்துனா இந்த வரப்பு இன்னும் தடிமனா வரும், புகையும் நல்லதில்ல.

அடுத்தது ஜல்லி. அடியில ரெண்டு இஞ்ச் ஜல்லி, உடைஞ்ச ஓடு போட்டா தண்ணி வடியும்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா அது உதவாது. பொடி மண்ணுல இருக்கிற தண்ணி, மண்ணு முழுசா ஊறி நிரம்புற வரைக்கும் கீழ இருக்கிற பெரிய இடுக்குக்குள்ள இறங்காது, ஜல்லிக்கு மேலயே ஒரு சதசத அடுக்கா நின்னுக்கும். ஜல்லி போட்டா அந்த அடுக்கு இன்னும் மேல ஏறி வேர்கிட்ட வந்துடுது, மண்ணுக்கான ஆழமும் குறையுது. ஓட்டை வழியா மண்ணு போகுதேன்னா ஓட்டை மேல ஒரு துண்டு ஷேட் நெட் (நிழல் வலை) விரிச்சா போதும்.

உண்மையிலேயே வடிய வைக்கிறது மண் கலவைதான். செடி வளர்க்கிற சின்ன பைகளுக்கு சொல்ற மாதிரி மூணுல ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பெரிய டிரம்முக்கு வேணாம், அது தண்ணியை பிடிச்சு வச்சுக்கும், வருஷம் போகப்போக மக்கி அமுங்கிடும். நான் சொல்றது செம்மண் ரெண்டு பங்கு, ஆத்து மணல் ஒரு பங்கு, நல்லா மக்குன தொழு உரம் ஒரு பங்கு, கருக்குன உமி கிடைச்சா ஒரு பங்கு. மணல் கொரகொரன்னு இருக்கணும், கிரஷர் தூள் (ஜல்லி உடைக்கிறப்ப வர்ற கல் தூள்) போட்டா சிமெண்ட் மாதிரி இறுகிடும், கடல் மணல்ல உப்பு, களிமண்ணு பக்கமே போகாதீங்க.

டிரம்மை தரையில நேரா வைக்காம மூணு செங்கல் மேல தூக்கி வைங்க, செங்கல் ஓட்டையை அடைக்காம பாத்துக்கோங்க, இல்லன்னா இவ்வளவு வேலையும் வீண். பாதி டிரம்மே மண்ணு நனைஞ்சா 130, 150 கிலோ வரும், அதனால கீழ பீம் இல்லன்னா சுவர் வர்ற இடமா பாத்து வைங்க, வடியுற தண்ணி மழைத்தண்ணி பைப்பு பக்கம் ஓடணும், தளத்துல தேங்கக்கூடாது.

செடி வைக்கிறதுக்கு முன்னாடி மண்ணு நிரப்பி ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பாருங்க, கொஞ்ச நேரத்துல கீழ ஒழுக ஆரம்பிக்கணும். மேல குளமா நின்னா கொட்டிட்டு இன்னும் மணல் சேருங்க.

ஏற்கனவே மரம் வளந்து நிக்குதுன்னா பிடுங்க வேணாம். பக்கவாட்டுல அடியை ஒட்டி ஓட்டை போடுங்க, பழைய ஓட்டையை வேர் அடைச்சிருக்கும், கீழ இருந்து கம்பி விட்டு குத்தி விடுங்க. மழை நேரத்துல ஒரு பக்கம் மட்டும் இன்னொரு செங்கல் கொடுத்து, சாஞ்சிடாத அளவுக்கு லேசா சாய்ச்சு வச்சா நின்ன தண்ணியில கொஞ்சம் தாழ்ந்த ஓட்டை வழியா இறங்கிடும். ஈரமான ஸ்பாஞ்சை படுக்க வச்சிருந்து செங்குத்தா தூக்குனா சொட்டுமே, அதே கணக்கு. கீழ தட்டு வச்சிருந்தா புரட்டாசி முடியறதுக்குள்ள எடுத்துடுங்க.