முதுமையில் தூரிகை எடுக்கும் பழங்குடிப் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியப் பிரதேசத்தின் உமரியா மாவட்டத்தைச் சேர்ந்த பைகா பழங்குடிப் பெண்மணி ஜோதையா பாய், கணவரை இளவயதிலேயே இழந்து, விறகு விற்றும் கூலி வேலை பார்த்தும் பிள்ளைகளை வளர்த்தவர். அறுபது வயதைக் கடந்த பிறகே, ஆஷிஷ் சுவாமி என்ற ஓவியர் அவர் ஊரில் நடத்திவந்த கலைக்கூடத்தில் வரையப் பழகினார். 2023இல் பத்மஸ்ரீ விருது பெற்று, 2024 டிசம்பரில் காலமானார். தாமதமாகத் தொடங்குவது ஒரு குறையே அல்ல என்பதை இவர் வாழ்க்கை காட்டுகிறது. அதைக் குறையாக எண்ணிப் பதறுவதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன.

முதல் தவறு, எது விற்கிறதோ அதை வரைவது. கோண்டு என்ற வேறொரு பழங்குடியின் ஓவியத்துக்குச் சந்தை இருக்கிறது என்பதற்காகப் பைகாப் பெண் ஒருவர் அதன் புள்ளிகளையும் கோடுகளையும் போடத் தொடங்கினால், அறுபது ஆண்டுகள் காட்டோடு வாழ்ந்து அவர் கண்டதெல்லாம் படத்துக்கு வெளியே நின்றுவிடும். ஜோதையா பாய் வரைந்தவை அவர் அறிந்த இலுப்பை மரமும் புலியும் தம் மக்களின் தெய்வங்களுமே. ‘எங்களுக்கென்று பழைய ஓவிய மரபு இல்லையே’ என்று தயங்கவும் வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பெண்டிங்க் தீவில் பிறந்த சாலி கபோரி, 2005இல், ஏறத்தாழ 80 வயதில்தான் தூரிகை பிடித்தார். அவருடைய காயாடில்ட் மக்களிடம் ஓவிய மரபு என்று சொல்லத்தக்கது இருக்கவில்லை. 1940களில் தாங்கள் அகற்றப்பட்ட அந்தத் தீவின் கடற்கரைகளையும் நீர்நிலைகளையும் அவர் நினைவிலிருந்து பெரும் வண்ணப் பரப்புகளாகத் தீட்டினார்.

இரண்டாவது தவறு கைநாட்டில் இருக்கிறது. மிகப் பெரிய இழப்பும் இதில்தான் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் அச்சடித்த தாளின் அடியில், பெருவிரலில் நீல மையைத் தடவி ரேகை வைத்துவிட்டு, அந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு மீண்டும் வரைய உட்காரும் பாட்டிக்கு, தாம் எதைக் கொடுத்துவிட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. ஓவியத்தை விற்பது வேறு, அதன் பதிப்புரிமையை விற்பது வேறு. படத்தை வாங்கியவர் அதைச் சேலையிலோ நாட்காட்டியிலோ அச்சிடத் தனி அனுமதி பெற வேண்டும். ஆனால் ஒருவர் பணம் தருவதாகச் சொல்லி வரையச் செய்த ஓவியமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை அப்படி வரையச் செய்தவருக்கே போய்விடும். ஆகவே ‘பதிப்புரிமை வரைந்தவருக்கே’ என்ற ஒரு வரியை, வேலை தொடங்குமுன் எழுதி வாங்க வேண்டும். உரிமையை மாற்றிக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எத்தனை ஆண்டுக்கு, எந்தப் பயன்பாட்டுக்கு என்பதையும் எழுத வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுகள் என்றே சட்டம் கொள்ளும். தம் பெயரைப் படைப்போடு சேர்த்துக் கோரும் உரிமையோ, உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் வரைந்தவரிடமே இருக்கும்.

வாசலுக்கு வருபவரிடமெல்லாம் விற்பது அடுத்த தவறு. ஆஸ்திரேலியாவின் யுட்டோப்பியா பகுதியைச் சேர்ந்த எமிலி கேம் நுங்வாரே, எழுபது வயதைத் தாண்டிக் கேன்வாஸுக்கு வந்து, 1996இல் இறப்பதற்குள் சுமார் 3,000 ஓவியங்களைப் படைத்தார். பல வணிகர்களின் கைகளில் அவை சிதறியதால், எது அவர் வரைந்தது என்ற ஐயங்கள் பின்னாளில் எழுந்தன. அவருடைய ஓவியம் ஒன்று 2007இல் பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஏலம் போனது. மறுவிற்பனையில் கலைஞருக்கு 5 விழுக்காடு தரும் சட்டம் அங்கே 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், அந்த ஏலத்தில் அவர் குடும்பத்துக்குச் சட்டப்படியான பங்கு எதுவும் இல்லை.

கணக்கு வைக்காமல் விடுவதும் இதோடு சேர்ந்ததே. ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி, முன்புறத்தையும் பின்புறத்தையும் பேத்தியின் கைபேசியில் படமெடுத்து, அளவு, விலை, வாங்கியவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில கதைகளும் சடங்குகளும் இனத்தார் அனைவருக்கும் பொதுவானவை. அவற்றுள் சில வெளியாருக்குக் காட்டக் கூடாதவை. அவற்றை வரையுமுன் ஊர்ப் பெரியவர்களைக் கேட்காமல் இருப்பது தவறு. படம் விற்ற பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது.