பிக்சல் பொம்மையின் மங்கலான கோடு சரியான கதை

கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாக (பிக்சல்) நிறம் வைத்து வரையும் பிக்சல் பொம்மையை நான் ஆரம்பித்த முதல் வாரம், முகத்தைச் சுற்றி எப்போதும் ஒரு சாம்பல் மூட்டம். கறுப்புக் கோடுதான் போட்டேன். பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டின் ஓரமெல்லாம் ஐந்தாறு வகைச் சாம்பல் கட்டங்கள். பாவாடைக்குப் பக்கெட் என்ற நிறம் நிரப்பும் கருவியால் சிவப்பு ஊற்றினால் அந்தக் கட்டங்கள் மட்டும் நிரம்பாமல் வெளிறி நின்றன.

காரணம் பிரஷ். நான் வரையும் கிம்ப் என்ற மென்பொருளில் பிரஷ் கருவி ஓரத்தை மென்மையாக்கும். பென்சில் அப்படியில்லை, ஒரு கட்டத்தை முழுதாக நிரப்பும், இல்லையென்றால் தொடாது. பென்சிலை 1 பிக்சலுக்கு வைத்ததும் கோடு கத்தி மாதிரி விழுந்தது.

அப்புறம் படத்தை ஜேபெக் வகைக் கோப்பாகச் சேமித்தேன், மறுபடி அழுக்குப் புள்ளிகள். ஜேபெக் கோப்பைச் சுருக்கும்போது நிறங்களைக் கலைத்துவிடும். பிஎன்ஜி வகைக் கோப்பில் வைத்த நிறம் அப்படியே இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கும்போதும் இடையில் புது நிறங்களைக் கலந்து நிரப்பும் இன்டர்போலேஷனை அணைத்துவிட்டு, 2 மடங்கு, 3 மடங்கு என்று முழு எண்ணில்தான் பெரிதாக்குகிறேன்.

கண்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். என் பொம்மை 32 கட்டம் அகலம், 64 கட்டம் உயரம். அதில் ஒரு கண்ணுக்குக் கிடைப்பது 2 கட்டம் அகலம், 3 கட்டம் உயரம். மேல் மூலையில் ஒரே ஒரு வெள்ளைக் கட்டம் வைத்தேன். பொம்மை என்னைப் பார்த்தது.