ஹோட்டலுக்குப் போவதை விடாமல் ஹோட்டல் செலவைக் குறைப்பது எப்படி

திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். மாதா மாதம் ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதுதான் என் வேலை. என் மேசைக்கு வரும் ஃபைல்களில் ஏழெட்டு சின்ன ஹோட்டல், மெஸ், பேக்கரியும் உண்டு. அவர்களுடைய வரவு செலவு எனக்கு அத்துப்படி. ஆனால் என் வீட்டுப் பணம் ஹோட்டலுக்கு எவ்வளவு போகிறது என்று போன வருஷம் வரை நான் எழுதிப் பார்த்ததில்லை.

முதல் வேலை அதுதான். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம் எதையும் குறைக்க வேண்டாம், எழுதினால் போதும். தேதி, எங்கே, எவ்வளவு, ஏன். இந்த ‘ஏன்’ என்ற கட்டத்தை மட்டும் காலியாக விடாதீர்கள்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன், என் மாமியார். அந்த மாதம் 23 தடவை வெளிச் சாப்பாடு, மொத்தம் 9,140 ரூபாய். குடும்பமாகக் கிளம்பிப் போய் உட்கார்ந்து சாப்பிட்டது மூன்றே தடவை. அதற்கு ஆனது 3,260. மீதி 5,880 ரூபாய் இருபது தடவையாகத் துண்டு துண்டாகப் போயிருந்தது. அந்த இருபதில் என்ன சாப்பிட்டோம் என்று இரவு எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டேன். நான்கைந்துக்கு மேல் யாருக்கும் ஞாபகம் இல்லை. ‘ஏன்’ கட்டத்தில் திரும்பத் திரும்ப வந்த சொல் ‘அசதி’. ஏழரை மணிக்கு வீடு வந்து சேருவேன், மாவு தீர்ந்திருக்கும், மகள் “அம்மா, ஏதாவது ஆர்டர் பண்ணிடலாமா?” என்பாள், நானும் சரி என்பேன். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டலை நிறுத்தலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நோட்டு செவ்வாய்க்கிழமையைக் காட்டியது.

அதனால் முதலில் அசதி நாளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் சமையலறை அலமாரியில் ஒரு தட்டை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். வறுத்து வைத்த சேமியா, வறுத்த ரவை, கெட்டி அவல், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஒரு பாட்டில் தக்காளித் தொக்கு, அப்பளம். தொக்கு மட்டும் மாதம் இரண்டு முறை, ஞாயிறு காலையில். ஒன்றரைக் கிலோ நாட்டுத் தக்காளி, நல்லெண்ணெய் தாராளமாக, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் மினுமினுக்கும்வரை சுண்ட வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் நான்காம் நாள் புளித்துவிடும். ஈரக் கரண்டி போடக் கூடாது. குக்கரில் சாதம் வைத்து, தொக்கு போட்டுப் பிசைந்து, அப்பளம் சுட்டால் இருபத்தைந்து நிமிஷம். ஆர்டர் போட்டு வண்டி வந்து சேருவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகிறது. இந்த ஒரு தட்டு வந்த மாதமே இருபது தடவை ஒன்பதாகக் குறைந்தது.

மாவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ இட்லி அரிசி, கால் கிலோ உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். 60 இட்லிக்குக் குறையாது. எங்கள் பகுதிக் கடைச் சாமான் விலையில் நூறு ரூபாய்க்குள் முடிகிறது. எங்கள் தெரு முனையில் இரண்டு இட்லி 40 ரூபாய். இட்லியை வெளியே வாங்குவதை நாங்கள் அடியோடு விட்டுவிட்டோம், காய்ச்சல் நாள் தவிர.

அடுத்து ஆப். உங்களுக்குப் பிடித்த கடையில் வழக்கமாக வாங்குவதையே ஒரு நாள் ஆப்பில் கூடையில் போட்டு, பணம் கட்டும் இடம்வரை போய் நிறுத்துங்கள். அந்த விலையை எழுதிக்கொண்டு, கடைக்கு நடந்து போய் அங்குள்ள விலையையும் எழுதுங்கள். நான் எழுதியது இது. கடையில் இரண்டு நெய் ரோஸ்ட் 190, செட் இட்லி 40, பொங்கல் 70, வரி 15, ஆக மொத்தம் 315. ஆப்பில் அதே சாமானே 378. அதற்கு மேல் பேக்கிங் 30, இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத வரி 20 ரூபாய் 40 காசு, டெலிவரி 35, பிளாட்பாரக் கட்டணம் (ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆப் நிறுவனம் தனக்கென்று வாங்குவது) 12, இந்தக் கடைசி இரண்டுக்கும் 18 சதவீத வரி 8 ரூபாய் 46 காசு. மொத்தம் 484. கடை எங்கள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பிளாட்பாரக் கட்டணம் 2023-இல் அறிமுகமானபோது 2 ரூபாய். டெலிவரிக் கட்டணத்துக்கு 18 சதவீத வரி 2025 செப்டம்பர் 22 முதல்.

ஆப்பில் கடைக்காரர் ஏன் விலையைக் கூட்டி வைக்கிறார் என்பதற்கு நான் பார்க்கும் ஃபைல்களிலேயே பதில் இருக்கிறது. நூற்றுக்கு 20, 25 என்று கமிஷன் பிடித்தம் போகிறது. நேரில் போய் வாங்கினால் உங்களுக்கு 169 ரூபாய் மிச்சம், அவருக்கும் முழுக் காசு. போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சாம்பாருக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டுவதைவிடத் தாராளமாக ஊற்றுவார்கள், சூடும் நிற்கும்.

விலை ஏற்றிய ஹோட்டல்காரர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. ஹோட்டலுக்கு 18 சதவீதம், ஏ.சி. இல்லாததற்கு 12. அதே வருஷம் நவம்பர் 15 முதல் இரண்டும் 5 ஆனது. நமக்கு நல்லதாகத் தெரிந்தது. ஆனால் கடைக்காரர் தான் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதியை அதோடு எடுத்துவிட்டார்கள். 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டருக்கு 18 சதவீத வரி, ஆப் கமிஷனுக்கு 18. எதையும் கழிக்க முடியாது. எல்லாம் கடைசியில் தோசைக்கல்லில்தான் வந்து இறங்குகிறது.

அதற்காக வாங்கக் கூடாததை வாங்கினால் கொடுக்க வேண்டியதில்லை. பில்லில் வரி போட்டிருந்தால் மேலே 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா பாருங்கள். நம் மாநிலத்துக்கு 33-இல் தொடங்கும். அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் கடை எந்த வகை என்று இலவசமாகக் காட்டும். ‘காம்போசிஷன்’ (சின்ன வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்) என்று வந்தால் அந்தக் கடை வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. அவர்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டியது. பெரிய இடங்களில் சர்வீஸ் சார்ஜ் என்று 5, 10 சதவீதம் தானாகச் சேர்த்திருப்பார்கள். அப்படிச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை போட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதைச் சரி என்றது. என் தம்பி பிறந்த நாளுக்குப் போன ஒரு இடத்தில், “மேடம், சிஸ்டத்துல அப்படியே வரும், எடுக்க முடியாது” என்றார் கல்லாவில் இருந்த பையன். நான் குரலை உயர்த்தவில்லை. “தம்பி, மேனேஜரைக் கூப்பிடுங்க, அவர் எடுத்துத் தருவார்” என்றேன். எடுத்தும் தந்தார். தராவிட்டால் 1915 என்ற நுகர்வோர் எண் இருக்கிறது. அன்று பரிமாறியவரின் கையில் ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம். அவருக்குக் கொடுக்க எனக்கு மனசு உண்டு. பில்லில் ஒளித்து வாங்குவதுதான் பிடிக்கவில்லை.

தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்தவுடன் திருப்பிக் கொடுத்து ஜக் கேளுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே வாதாடிப் பயனில்லை.

ஆர்டர் கொடுப்பதில்தான் பாதிக் காசு வீணாகிறது. பசியோடு உட்கார்ந்ததும் ஐந்து பேருக்கும் சேர்த்துச் சொல்லிவிடாதீர்கள். முதலில் நடுவில் வைத்துப் பகிர இரண்டு. வீட்டுக்காரர், “அண்ணே, ஒரு ஊத்தப்பம், ரெண்டா வெட்டிக் கொண்டு வாங்க” என்பார். அது முடிந்தபின் யாருக்கு எது வேண்டுமோ அது. மகன் தினமும் ஆசைப்படும் ஃப்ரைடு ரைஸ் இப்போது பாதித் தட்டில் அடங்கிவிடுகிறது. மதியப் பார்சல் சாப்பாடு ஒன்று வாங்கினால், எங்கள் பக்கத்து மெஸ்ஸில் சாதம் இரண்டு பேருக்கு வரும். கூட ஒரு பொரியல் வீட்டில் செய்தால் போதும்.

எதை வெளியே சாப்பிடுவது என்பதற்கு நான் ஒரே கேள்விதான் கேட்கிறேன். இது என் கையில் இப்படி வருமா? பரோட்டா வராது. மாவை அடித்து, வீசி, பெரிய கல்லில் போட்டு, சூட்டோடு இரண்டு கையாலும் தட்டி இதழ் பிரிக்கிற அந்தக் கைக்குக் காசு கொடுக்கலாம். பரோட்டா மட்டும் வாங்கி, முட்டைக் குழம்பை வீட்டில் வைத்துவிடுவோம். மாமியாருக்கு நெய் ரோஸ்ட் கடையில்தான் பிடிக்கும், மேசையைத் தாண்டி நீளமாக வர வேண்டும் அவருக்கு. சின்ன வயதில் அவர் அப்பா ஸ்ரீரங்கத்தில் வாழையிலையில் சுற்றி, சணல் போட்டுக் கட்டி வாங்கி வருவாராம். வருஷத்துக்கு இரண்டு தடவை. அந்தக் கதையைத் தோசை வரும்வரை சொல்லுவார், பிள்ளைகளும் கேட்பார்கள். இதை நான் குறைக்க மாட்டேன்.

இப்போது சம்பள நாளில் 4,500 ரூபாயை ஒரு கவரில் போட்டு பீரோவில் வைக்கிறோம். வெளிச் சாப்பாடு எல்லாம் அதிலிருந்துதான். போனில் இருந்து நேரடியாகக் கட்டினால், அன்றே அந்தத் தொகையைக் கவரிலிருந்து எடுத்துவிடுவேன். கடைசி ஞாயிறு கவரில் மிச்சம் இருப்பதை வைத்து ஒருவர் முறைவைத்து இடம் தேர்வு செய்யலாம். போன மாதம் 1,380 இருந்தது, மகன் பிரியாணி கேட்டான். இந்த மாதம் மாமியார் முறை. வியாழக்கிழமையே எந்தப் புடவை என்று எடுத்து வைத்துவிட்டார்.